அவுன்ஸ் என்றால் எத்தனையில் ஒன்று?

என் அன்புக்கும் கோபத்துக்கும் ஒருசேர ஆளான அத்தைக்கு,

பூங்கொடி எழுதுகிறேன். ஒரே வீட்டில் இருபத்திரண்டு வருடம் இருந்த மாமியாருக்கு மருமகள் கடிதம் எழுதுவதாவது என்று சிரிப்பீர்கள். சொல்ல வேண்டியதையெல்லாம் அடுப்படியிலேயே சொல்லிக்கொண்டோம், சொல்லக் கூடாததையும் சேர்த்து. ஆனாலும் நீங்கள் கேட்ட ஒரு கேள்விக்கு நான் பதில் சொல்லாமலே விட்டுவிட்டேன். இப்போது பதில் கிடைத்திருக்கிறது. அதோடு, உங்களைத் தவிர வேறு யாரிடமும் சொல்ல முடியாத ஒன்றும் இருக்கிறது.

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அலுத்துப் போயிருக்கிறது அத்தை. உடம்புக்கு ஒன்றும் இல்லை, படுத்தால் தூக்கமும் வருகிறது. காலையில் கண் விழித்ததும் 'மறுபடியுமா' என்று ஒரு நினைப்பு வருகிறது பாருங்கள், அந்த அலுப்பு. அதனால் இந்தக் கடிதம் கோர்வையாக இருக்காது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது. வருஷ தெவசத்தை உங்கள் மகன் குறையில்லாமல் செய்தார். படையலில் பணியாரம், கருவாட்டுக் குழம்பு, டீ என்று உங்களுக்குப் பிடித்ததெல்லாம் வைத்தோம். நான் பெரிய சொம்பு நிறையத் தண்ணீர் வைத்தேன், அளக்காமல். பின்னால் நின்ற யாரோ, "இப்ப வெக்கறா பாரு, சொம்பு நெறைய" என்றார்கள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அன்றைக்குத் தெவசம் நடந்திருக்காது.

ஊரில் எனக்கு இப்போது என்ன பெயர் என்று உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. சாகக் கிடந்த மாமியாருக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுக்காதவள். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள்கூட அந்தப் பேச்சைத் தெரிந்து வைத்திருக்கிறார்கள். நான் ஒருத்திக்கும் பதில் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பதற்குத்தான் இந்தக் கடிதம்.

அந்தக் கேள்விக்கு வருகிறேன். உங்கள் கிட்னி இரண்டும் கைவிட்டு, செவ்வாயும் வெள்ளியும் தருமபுரிக்கு டயாலிசிஸுக்குப் போக ஆரம்பித்த முதல் வாரம். உங்களுக்குச் சிறுநீர் பிரிவது அநேகமாக நின்றுபோயிருந்தது. குடிப்பதெல்லாம் உடம்பிலேயே தங்கும், அதனால் ஒரு நாளைக்கு முக்கால் லிட்டருக்கு மேல் எந்த ரூபத்திலும் நீர் உள்ளே போகக் கூடாது என்றார்கள். டம்ளரில் கொடுத்தால் கணக்குத் தப்பும் என்று ஒரு நர்ஸம்மா அவுன்ஸ் கிளாஸ் வாங்கச் சொன்னார். முப்பது மில்லிக்கு ஒரு கோடு போட்ட சின்னக் கண்ணாடி கிளாஸ். அந்தக் கோடு வரைக்கும் இருபத்தைந்து முறை. அவ்வளவுதான் உங்களுக்கு ஒரு நாள்.

வீட்டுக்கு வந்து முதல் முறை ஊற்றிக் கொடுத்தபோது அதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தீர்கள்.

"இது என்னா அளவுடி?"

"அவுன்ஸ் அத்தை."

"அவுன்ஸுன்னா?"

"முப்பது மில்லி."

"அத கேக்கல நானு. ஆழாக்குன்னா ஒரு படியில எட்டுல ஒண்ணு. காப்படின்னா நாலுல ஒண்ணு. எந்த அளவா இருந்தாலும் பெருசு ஒண்ணோட பங்காத்தான இருக்கும்? இது எத்தினில ஒண்ணு? அத சொல்லு."

"பள்ளிக்கூடத்துல கேட்டு நாளைக்கு சொல்றன் அத்தை."

அந்த நாளை, நீங்கள் இருந்த ஒன்றரை வருடத்தில் வரவே இல்லை. நீங்களும் விடவில்லை. பத்து நாளைக்கு ஒரு தரம், "என்னாம்மா, உங்க பள்ளிக்கூடத்துல இன்னும் அந்தப் பாடம் வரலியா?" என்று குத்திக்கொண்டே இருந்தீர்கள். எனக்கு எரிச்சலாக வரும். சத்துணவு அமைப்பாளர் வேலை என்றால் பிள்ளைகளுக்குப் பருப்பு இத்தனை கிராம், எண்ணெய் இத்தனை மில்லி என்று காலையெல்லாம் அளக்கிற வேலை. அங்கே எண்ணெய் அளந்துவிட்டு வீட்டுக்கு வந்து உங்களுக்குத் தண்ணீர் அளந்தேன். இதில் அளவுக்கு அர்த்தம் வேறு தேட வேண்டுமா என்றுதான் இருந்தது. ஒரு பத்து நிமிடம் செலவழித்திருக்கலாம். செலவழிக்கவில்லை. அது என் தப்புதான்.

ஆனால் நீங்கள் லேசுப்பட்ட ஆளா? பாலக்கோடு தக்காளி மண்டியில் முப்பது வருடம் தரகர்களை வாயடைக்க வைத்தவர், ஒரு கிளாஸ் தண்ணீருக்குச் சும்மா விடுவீர்களா? "கோபுரமா ஊத்துடி, தலை தட்டி ஊத்தாத" என்பீர்கள். தண்ணிக்கு ஏதுங்க கோபுரம் என்பேன். காலை டீயில் ஒன்று குறைத்துக்கொண்டு அதை மத்தியானம் மோராகக் கேட்பீர்கள். மாத்திரை விழுங்கும் தண்ணீர், களிக்கு ஊற்றும் குழம்பு, ரசம் எல்லாம் அந்த இருபத்தைந்துக்குள்தான். ரசத்திலும் தக்காளி கிடையாது. அது கிட்னிக்கு ஆகாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். நம் தோட்டத்துத் தக்காளி கூடை கூடையாக வண்டி ஏறும்போது வேலியோரம் நின்று பார்த்துவிட்டு உள்ளே போவீர்கள். அன்றைக்கெல்லாம் எனக்கும் சாப்பாடு இறங்காது.

ஒரு சித்திரை மாதம். டயாலிசிஸ் முடிந்து தருமபுரி பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தோம். வெயில் மண்டையைப் பிளந்தது. நான் கொண்டுவந்த பாட்டில் காலி. உங்களுடைய சின்னப் பாட்டிலில் மிச்சம் ஐந்து அவுன்ஸ். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"எனக்கு மேல உனக்குத் தாகமா கெடக்குது கண்ணு. இதுல ரெண்டு குடி. என் பங்குல கழிச்சிக்க."

"சும்மா இருங்க அத்தை" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போய் வேறு பாட்டில் வாங்கினேன். அந்த இரண்டு அவுன்ஸை வாங்கிக் குடித்திருக்கலாம்.

சரி, பதிலைச் சொல்கிறேன். போன வாரம்தான் எங்கள் பள்ளி இங்கிலீஷ் டீச்சரைக் கேட்டேன். மேசை ஆடாமல் இருக்கக் காலுக்கு அடியில் செருகியிருந்த தடித்த அகராதியை உருவி, தூசி தட்டிப் பார்த்துச் சொன்னார். நீங்கள் கேட்டது சரியான கேள்வி அத்தை. அவுன்ஸும் பங்குதான். பன்னிரண்டில் ஒரு பங்கு.

ரோமாபுரிக்காரர்களின் லத்தீனில் 'உன்கியா' என்று ஒரு சொல்லாம். பன்னிரண்டில் ஒன்று என்பதுதான் அதற்கு அர்த்தமே. ஒரு ராத்தல் எடையைப் பன்னிரண்டாகப் பிரித்தால் ஒரு பங்கு உன்கியா. ஓர் அடி நீளத்தைப் பன்னிரண்டாகப் பிரித்தாலும் ஒரு பங்கு உன்கியா. நீளத்துக்கு இருந்த சொல் வெகு காலம் முன்பே இங்கிலாந்துக்குப் போய் இன்ச் ஆகிவிட்டது. எடைக்கு இருந்த சொல் பிரெஞ்சுக்காரர்கள் வாயில் புகுந்து பின்னால் வந்து அவுன்ஸ் ஆனது. நம் வீட்டு நிலைக்கதவை ஆசாரி அளந்தாரே இன்ச், அதுவும் உங்கள் தண்ணீரை நான் அளந்த அவுன்ஸும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்.

எடைக்கு இருந்த பெயர் தண்ணீருக்கு எப்படி வந்தது என்றும் கேட்டேன். நீங்கள் அதைத்தான் அடுத்துக் கேட்பீர்கள் என்று தெரியும். ஓர் அவுன்ஸ் எடையுள்ள தண்ணீரோ ஒயினோ எவ்வளவு இடம் பிடிக்குமோ, அந்த இடத்துக்கும் அதே பெயரை வைத்துக்கொண்டார்களாம். மருந்து கலக்குகிறவர்கள் கையோடு அது ஊர் ஊராகப் போயிருக்கிறது. வெள்ளைக்காரன் ஆஸ்பத்திரியில் நுழைந்து, கம்பவுண்டர் கையில் ஏறி, கடைசியில் நம் வீட்டு அடுப்படி வரைக்கும் வந்துவிட்டது. இதற்கிடையில் ராத்தலையே பதினாறாகப் பிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஆனாலும் பன்னிரண்டில் ஒன்று என்ற பெயர் மட்டும் அப்படியே நின்றுவிட்டது. "பங்கு மாறுனா பேர மாத்த வேணாமா? என்னா மண்டிடா இது" என்று நீங்கள் சொல்வது எனக்குக் கேட்கிறது.

இன்னும் ஒரு வேடிக்கை. இங்கிலாந்து அவுன்ஸ் இருபத்தெட்டு மில்லியும் சொச்சமும்தான். அமெரிக்காவில் முப்பதுக்குக் கொஞ்சம் குறைவு. நமக்கு வந்த கிளாஸில் நேராக முப்பது என்றே கோடு போட்டிருக்கிறது. வீட்டுக்கு வந்து கூட்டிக் கழித்துப் பார்த்தேன். இங்கிலாந்துக் கணக்குப்படி, இருபத்தைந்து அவுன்ஸ் என்ற பெயரில் தினமும் நாற்பது மில்லி உங்களுக்குக் கூடவே போயிருக்கிறது. நாற்பது மில்லி என்பது நல்ல ஒரு வாய் தண்ணீர். தினமும் ஒரு வாய் கூடக் கொடுத்திருக்கிறேன் என்று ஊரைக் கூட்டிச் சொல்லலாமா என்றுகூட இருந்தது. யார் கேட்பார்கள்?

இப்போது ஏன் போய்க் கேட்டாய் என்பீர்கள். பரணில் போட்ட அந்தக் கிளாஸை மறுபடி இறக்கும்படி ஆகிவிட்டது அத்தை. உங்கள் மகனுக்கு.

தை மாதமே அவருக்குக் கால் வீங்க ஆரம்பித்தது. மருந்தடித்த களைப்பு, வண்டி ஓட்டின களைப்பு என்று சொல்லிக்கொண்டே இருந்தார். முகமும் வீங்கின பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வந்தார். ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் உங்களுக்கு இருந்த அதே நீர்க்கட்டிகள், இரண்டு கிட்னியிலும் கொத்துக் கொத்தாக. டயாலிசிஸ் ஆரம்பித்து மூன்று வாரம் ஆகிறது. அதே வார்டு, அதே செவ்வாய் வெள்ளி. நர்ஸம்மா என்னை அடையாளம் கண்டுகொண்டு, "நீங்களா மறுபடியும்?" என்று கேட்டுவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். டாக்டர், இது வம்சத்தில் வருகிறது, கூடப் பிறந்தவர்கள் எல்லோரும் ஸ்கேன் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார். உங்கள் பேத்தி, நம் கயலுக்கும் ஒரு நாள் பார்க்க வேண்டுமாம். அவளுக்குப் பதினெட்டுதான் ஆகிறது. அவளிடம் நான் எப்படிச் சொல்லட்டும்?

கூடப் பிறந்தவர் என்றால் ஒருவர்தானே அத்தை. உங்கள் மகள். என் நாத்தனார் சாந்தா அண்ணி. பதினான்கு மாதமாக என்னோடு ஒரு வார்த்தை பேசாதவர். எனக்கு அந்தப் பெயரை வாங்கிக் கொடுத்தவர்.

இனிமேல் எழுதப்போவதை இதுவரை உங்கள் மகனிடம்கூடச் சொன்னதில்லை.

உங்கள் கடைசி ஞாயிற்றுக்கிழமை நினைவிருக்கிறதா? அண்ணி அரூரிலிருந்து வந்தார். தீர்த்தமலையில் அம்மாவுக்காக வேண்டிக்கொண்டு, மலையேறி, இரண்டு லிட்டர் கேன் நிறையத் தீர்த்தம் பிடித்துக்கொண்டு வந்தார். உங்களைப் பார்க்கச் சொந்தக்காரர்கள் ஏழெட்டுப் பேர் வந்திருந்தார்கள். வீடு கல்யாண வீடு மாதிரி இருந்தது. அண்ணி உங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்து கை நிறைய ஊற்றிக்கொண்டே இருந்தார். நீங்கள் இரண்டு கையையும் குவித்து ஏந்தி ஏந்திக் குடித்தீர்கள். அப்புறம் டம்ளரிலும் கொடுத்தார். ஒன்றரை வருடத்தில் அவ்வளவு சந்தோஷமாக உங்கள் முகத்தை நான் பார்த்ததில்லை.

நான் எங்கே இருந்தேன்? அடுப்படியில். வந்தவர்களுக்குச் சமைத்துக்கொண்டிருந்தேன். சாயந்தரம் ஆள் கலைந்த பிறகு உங்களுக்கு அன்றைக்கு எத்தனை போனது என்று எண்ணினேன். டீ, மாத்திரை, குழம்பு, மோர் எல்லாம் எண்ணினேன். இருபத்தைந்து சரியாக இருந்தது. தீர்த்தத்தை எண்ணவில்லை. மறந்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. எண்ண வேண்டும் என்று தோன்றவே இல்லை. தீர்த்தத்தைப் போய் யாராவது தண்ணீர் என்று நினைப்பார்களா? கையேந்தி வாங்குவோம், கண்ணில் ஒற்றிக்கொள்வோம், குடிப்போம். எண்ணெய் முதல் உப்பு வரை அளக்கிற எனக்கே அது அளவுக்குள் வரவில்லை.

திங்கட்கிழமை விடிந்ததும் உங்களுக்கு மூச்சு இழுத்தது. ஆம்புலன்ஸில் நீங்கள் படுத்திருந்தீர்கள், ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் அண்ணி. மாஸ்க்கை விலக்கிவிட்டு, "தண்ணி" என்றீர்கள். இல்லை அத்தை, இப்போது கூடாது என்றேன். மறுபடி கேட்டீர்கள். மறுபடி இல்லை என்றேன். துணியை நனைத்து உதட்டில் வைத்தேன். மூன்றாவது முறை நீங்கள் வாயால் கேட்கவில்லை, என்னைப் பார்த்தீர்கள். நான் தலையை மட்டும் ஆட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது. டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நுரையீரல் பூரா தண்ணி ஏறிடுச்சு. நேத்து எவ்ளோ குடிச்சாங்க?" என்று கேட்டார். இருபத்தைந்து அவுன்ஸ் என்றேன். பொய் சொல்லவில்லை அத்தை. அப்போது எனக்கு அதுதான் உண்மை. உங்களை வீட்டுக்குக் கொண்டுவந்து கிடத்திய பிறகு, பூஜை அலமாரி ஓரத்தில் அந்தக் கேனைப் பார்த்தேன். பாதிக்கும் கீழே இருந்தது.

அதே நேரம் வெளியே அண்ணி மார்பில் அடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். "எங்கம்மா தண்ணி தண்ணின்னு கேட்டுதே, இவ இல்லன்னுட்டாளே! ஒரு வாய் குடுத்தாளா?" என்று. கூடியிருந்தவர்கள் அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்தக் கேனைத் தூக்கிக்கொண்டு போய் அவர் முன்னால் வைத்திருந்தால் ஒரு நொடியில் எல்லாம் மாறியிருக்கும். வைக்கவில்லை. தாய்க்காக மலையேறி இறங்கியவளிடம், நீ கொடுத்ததுதான் உன் தாய் உயிரைக் கொண்டுபோனது என்று எப்படிச் சொல்வது? என்னை ஏதோ தியாகி என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். எண்ணாமல் விட்டவள் நான், வாயைத் திறந்தால் அதுவும் வெளியே வரும் என்ற பயமும் இருந்தது. இரண்டில் எது பெரியது என்று எனக்கே இன்னும் தெரியவில்லை.

நேற்று ஞாயிறு. தம்பியைப் பார்க்க அண்ணி வந்தார். கையில் கேன்.

உங்கள் மகன் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அக்காவைப் பார்த்ததும் முகம் மலர்ந்து இரண்டு கையையும் குவித்து நீட்டினார், அப்படியே உங்களை மாதிரி. அண்ணி மூடியைத் திறந்தார். நான் நடுவில் போய் நின்றேன்.

"அத இங்க குடுங்க அண்ணி. அளந்து குடுக்கறன்."

பதினான்கு மாதம் கழித்து என்னிடம் முதல் முறையாக வாய் திறந்தார். "தீர்த்தத்த அளக்கறதா? எங்கம்மாளுக்குத் தண்ணி இல்லன்ன. எந்தம்பிக்கு சாமி தீர்த்தத்தயும் இல்லங்கறயா?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. சொல்ல வேண்டிய வாக்கியம் பதினான்கு மாதமாக நாக்கு நுனியில் தயாராக இருந்தது. 'உங்க அம்மாவக் கொன்னது நீங்கதான்.' அவ்வளவுதான், நாலு வார்த்தை. சொல்லியே இருப்பேன். வார்த்தையைத் தேடிக் கீழே குனிந்தவள் அவர் காலைப் பார்த்துவிட்டேன். கழற்றிவிட்டு வந்த செருப்பின் வார் பதிந்த இடம் பள்ளமாக இருந்தது. இரண்டு பக்கமும் சதை புடைத்துக்கொண்டு நின்றது. அந்தக் காலை எனக்குத் தெரியும் அத்தை. உங்களுக்குப் பார்த்திருக்கிறேன், அவருக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. உட்காருங்கள் அண்ணி என்றேன். உட்காரவில்லை. நின்றபடியே இருந்தவரிடம் சொன்னேன்.

"அத்தை தாகத்துல போவலீங்க அண்ணி. தண்ணி ஏறிப் போனாங்க. நுரையீரல் பூரா தண்ணின்னு டாக்டரம்மா சொன்னாங்க. அன்னிக்கு அவங்க குடிச்ச தீர்த்தத்த நான் எண்ணாம வுட்டுட்டன். எண்ண வேண்டியவ நாந்தான். சாமி தீர்த்தமா இருந்தாலும் ஒடம்புக்குள்ள போனா தண்ணிதாங்க."

அண்ணி கேனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"அன்னிக்கு எவ்ளோ குடுத்தன் நானு?"

"தெரியலீங்க அண்ணி. வந்தவங்களும் குடிச்சாங்க. அளக்காதத நான் எப்பிடி சொல்றது?"

அது உண்மைதான். அளவு மட்டும் தெரிந்திருந்தால் நேற்று நான் என்ன சொல்லியிருப்பேனோ. அண்ணி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு அழுதார். "இத மனசுலயே வெச்சிக்கினு இருந்தயாடி? ஊரே பேசுச்சே" என்றார். எனக்கும் அழுகை வந்தது. ஆனால் அவரைப் போல வாய்விட்டு அழ எனக்குத் தெம்பு இல்லை. ஒன்றும் புரியாமல் விழித்துக்கொண்டிருந்த உங்கள் மகன், "அழுவாத அக்கா. இன்னிக்கு எனக்கு இன்னும் ஆறு அவுன்ஸ் மீதி இருக்குது. அதுல ஒண்ணு தீர்த்தமாவே குடு" என்றார். நான் கிளாஸைப் பிடித்துக்கொண்டேன், அண்ணி ஊற்றினார். கோடு வந்ததும் அவரே நிறுத்திவிட்டார்.

சாப்பிட்டு முடித்த பிறகு மெதுவாகக் கேட்டேன், கால் எத்தனை நாளாக இப்படி இருக்கிறது என்று. பஸ்ஸில் தொங்கப் போட்டு வந்ததில் வீங்கியது என்றார். பிறகு, மலையேறி இறங்கினதில் என்றார். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டு, "ரெண்டு மாசமா இருக்குது. யாருகிட்டச் சொல்றது?" என்றார். மகன் பெங்களூரில் இருக்கிறான், வருடத்துக்கு ஒரு தரம் வந்தால் பெரிய விஷயம். வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்த வீட்டில் அவர் ஒண்டி ஆள்.

நாளை செவ்வாய். உங்கள் மகனோடு அண்ணியையும் தருமபுரிக்குக் கூட்டிப் போகிறேன், ஸ்கேன் எடுக்க. இராத்திரி இங்கேயே தங்கிவிட்டார். இப்போது உங்கள் கட்டிலில்தான் படுத்திருக்கிறார். வெறும் நடைக் களைப்பாகவும் இருக்கலாம். அப்படி இருந்தால் தீர்த்தமலைக்கு நானே ஏறி இறங்குகிறேன். ஆனால் எனக்கு அந்தக் கால் தெரியும் அத்தை.

என்னால் முடியுமா என்று கேட்காதீர்கள். முடியாது என்றுதான் ஒவ்வொரு நாளும் தோன்றுகிறது. பிறகு எழுந்து அடுப்பைப் பற்ற வைக்கிறேன்.

உங்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியது தண்ணீர் தராததற்கு அல்ல. இன்றைக்கு அந்த ஆம்புலன்ஸில் உட்கார்ந்திருந்தாலும் தர மாட்டேன். நீங்கள் என்னைப் பார்த்தபோது நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேனே, அதற்குத்தான் கேட்கிறேன். கடைசியாக நீங்கள் பார்த்தது என் பிடரியைத்தான் என்ற நினைப்பு என்னை விடமாட்டேன் என்கிறது.

ஒரு வாக்குத் தருகிறேன். உங்கள் மகனுக்கும், தேவைப்பட்டால் உங்கள் மகளுக்கும், நானே அளப்பேன். அவர்கள் கூடக் கேட்பார்கள். கோபப்படுவார்கள், அழுவார்கள். இல்லை என்று சொல்வேன். கையைப் பிடித்துக்கொண்டு, முகத்தைப் பார்த்துச் சொல்வேன். திரும்பிக்கொள்ள மாட்டேன்.

உங்களிடம் ஏச்சும் வாங்கி, உங்கள் பங்கில் இரண்டு அவுன்ஸுக்கும் உரியவளாக இருந்த
உங்கள் மருமகள்,
பூங்கொடி